யார்டுப் பாலமும் உம்மாவின் பயமும்

மகனே, உனக்கும் என் மருமகளுக்கும் ஸலாம். சுகமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அப்படியே எழுதிவிடுகிறேன்; ஆனால் முழங்கால் இரண்டும் நேற்றிலிருந்து என் பேச்சைக் கேட்பதில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்டுவிட்டு உன் வாப்பா கடைக்கு இறங்கிப் போனார். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு, "எனத்துக்கு உம்மா இந்தப் பயம்?" என்று கேட்பாய். நீ குறுக்கே பேசாமல் முழுதையும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் வாப்பாவின் பீங்கான் கடை, கடைக்கு மேல் மாடியில் நாங்கள். அந்தப் பக்கம், மலைச்சரிவில், உன் மாமனார் வீடு. கலியாணம் முடித்த நாளிலிருந்து நம் வழக்கப்படி அதுதான் உன் வீடு. நடுவில் ரயில்வே யார்ட். யார்டுக்கு மேலே அந்த இரும்புப் பாலம். முன்பெல்லாம் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகிற கேட் ரோட் இருந்தது, சுற்றிக்கொண்டு போகலாம். இந்த மழையில் மண் சரிந்து அதையும் மூடிவிட்டது. பாலத்தில் திருத்த வேலை நடப்பதால் வண்டியோ ரிக்சாவோ விடுவதில்லை; கால்நடையாகத்தான் கடக்க வேண்டும். ஆக, உன்னையும் உன் பெண்சாதியையும் பார்க்க வேண்டுமென்றால் நான் அந்த இரும்பில் கால் வைத்தாக வேண்டும். அது முடியாமல்தான் பெற்ற மகனின் கலியாணத்துக்கு வராமல் மாடி ஜன்னலில் நின்றேன். மருமகளைப் பிடிக்கவில்லையாம், சம்பந்தத்தில் மனக்குறையாம் என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. பயத்தில்தான் போகவில்லை என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. பாலத்துக்கு யாராவது பயப்படுவார்களா என்று கேட்கிறார்கள்.

பயப்படுவார்கள். எனக்குக் கலியாணமாகி, கலஹாவில் என் உம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, உன் வாப்பாவோடு கண்டிக்குக் குடிவந்தேன். அந்தக் காலத்தில் புதுப்பெண்ணைக் கொண்டுவரும் மாட்டுக் கரத்தைக்கு நாலு பக்கமும் திரை. திரையை விலக்கப் பார்த்தால் பக்கத்தில் இருந்த சாச்சி, என் உம்மாவின் தங்கச்சி, தொடையில் கிள்ளுவாள். பேராதனை தாண்டியது, ஆற்றுச் சத்தம் கேட்டது, எல்லாம் சரி. பிறகு சக்கரத்தின் சத்தம் திடீரென்று மாறியது. மண்ணில் உருண்டது பலகையில் தடதடவென்று ஓடியது. கீழே வெறும் வெளி என்று உடம்புக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அடியில் ஒரு எஞ்சின் வந்து ஊதியது. பலகை இடுக்கால் புகை திரைக்குள் ஏறியது. மாடுகள் மிரண்டு பின்வாங்கின, கரத்தை சாய்ந்தது, எங்கேயோ இரும்பு கிறீச்சிட்டது. "கலிமா சொல்லு புள்ள, கலிமா சொல்லு!" என்று, உயிர் போகும் நேரத்தில் சொல்வது போல, சாச்சி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். கரத்தைக்காரன் குதித்து இறங்கி மாடுகளை இழுத்துக் கரை சேர்த்தான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் போனவர்கள் சிரித்தும் இருப்பார்கள். ஆனால் திரைக்குள் இருந்தவளுக்கு அது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், விழுந்தால் எதன் மேல் விழுவோம் என்று ஒன்றும் தெரியாது. கண்ணால் பார்த்து வந்த பயமாக இருந்தால் பார்த்துப் பார்த்துக் குறைந்திருக்கும். எனக்கு வந்தது காதால் வந்த பயம், மகனே. அதற்குப் பிறகு நான் அந்தப் பாலத்தில் ஏறவே இல்லை. கலஹாவுக்குப் போகும்போதெல்லாம் கேட் ரோட்டால் சுற்றித்தான் போனேன்.

ஏறவில்லையே தவிர, பார்க்காமல் இருந்த நாளில்லை. மாடி ஜன்னலைத் திறந்தால் அதுதான் நிற்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன், அது அழகாகத்தான் இருக்கிறது. சீமையிலிருந்து கப்பலில் துண்டு துண்டாக வந்து இங்கே பொருத்தியதாக உன் வாப்பா சொல்வார். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பும் சட்டங்கள், நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, நேராக ஒன்று, சாய்வாக ஒன்று என்று அந்தக் கரைவரை போகும். காலையில் யார்டில் பனி நிற்கும்போது கீழே தண்டவாளமும் தெரியாது, தூணும் தெரியாது. பாலம் மட்டும் எதிலும் ஊன்றாமல் நிற்கும். வெயில் ஏறியதும் அதன் நிழல் விழுந்து சாமான் பெட்டிகளின் கூரையெல்லாம் முக்கோணம் முக்கோணமாகக் கிடக்கும். எஞ்சின் வந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனாலும் முக்கோணங்கள் போகாமல் அங்கேயே கிடக்கும். வெங்காயம் அரிந்துகொண்டே எத்தனையோ நாள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அழகு என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால், அப்படியென்றால் வாங்க ஒரு நடை போய்ப் பார்ப்போம் என்று யாராவது கையைப் பிடித்துவிடுவார்களோ என்று பயம். வண்டி விட்ட காலத்தில் பாரமான லொறி ஏதாவது பாலத்தில் ஏறினால் கீழே கடையில் கோப்பைகளெல்லாம் கிலுகிலுவென்று குலுங்கும். வாப்பாவுக்கு அது காதிலேயே விழாது. நான் வெங்காயத்தை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன்.

உன்னையும் அந்தப் பயத்திலேயே வளர்த்துவிடப் பார்த்தேன். பாலத்துக்கு அடியில் ஜின் இருக்கிறது, பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுக்கும் என்று சொல்லிவைத்தேன். நீயானால் அந்த ஜின்னைப் பார்க்கவென்றே புறப்பட்டுவிட்டாய். குர்ஆன் ஓதப் போனவன் பாலத்துச் சட்டத்தில் ஏறிக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பதை ஜன்னலால் கண்டபோது என் உயிர் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பளாரென்று ஒன்று வைத்தேன். கன்னத்தைத் தடவிக்கொண்டு, ஜன்னலால் ரயிலைக் காட்டி, "அங்க ஜின் ஒண்டும் இல்ல உம்மா, கோச்சிதான் ஈக்கி" என்றாய். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளை பிறந்தால் நீ இப்படிப் பொய் சொல்லிப் பயம் காட்டாதே. பயப்பட வேண்டிய காரணத்தைச் சொல்லு. பொய்ப் பயம் காட்டினால் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு நாம் சொல்லும் உண்மைப் பயத்தையும் நம்பாது.

அப்புறம் வளர்ந்தாய், கடையில் உட்கார் என்றால் உட்காரவில்லை, பாலத் திருத்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்ச் சேர்ந்தாய். கடைக்காரன் மகன் கரியும் துருவுமாக வருகிறான் என்று வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார். எனக்குக் கோபமில்லை, சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். அதைக் கண்டு நீ ஒருநாள் குசினிக்கு வந்து, விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி எனக்குப் பாடம் எடுத்தாய். நாலு ஈர்க்கை நூலால் சதுரமாகக் கட்டி விரலால் தள்ளினாய், அது சாய்ந்தது. மூன்றைக் கட்டித் தள்ளினாய், சாயவில்லை. "இதுதான் உம்மா பாலம். முழுக்க முக்கோணம்தான். ஒண்டு இழுத்துப் பிடிக்கும், மத்தது தாங்கும். எப்பிடி விழும், செல்லுங்க பாப்பம்?" என்றாய். நானும் கையில் வாங்கித் தள்ளிப் பார்த்தேன். "அது சரி, இதில ஒரு ஈர்க்கைக் கழட்டினா?" என்று கேட்டேன். அதுதானே உங்கள் வேலை. துருப்பிடித்த சட்டத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, புதியது பூட்டும்வரை பாலம் குறையோடு நிற்கும். அந்தக் குறையில், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பலகையில், நீ சம்மட்டியோடு நிற்பாய். ஒருவன் உலையில் சிவந்த ரிவெட் ஆணியை இடுக்கியால் எறிவான், ஒருவன் வாளியில் ஏந்துவான், துளையில் போட்டதும் நீ அடிப்பாய், கீழே ரயில் போகும். நீ சந்தோசமாக இதையெல்லாம் சொல்லச் சொல்ல நான் ஈர்க்கு முக்கோணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று இருந்தேன்.

கலியாணத்தன்று நடந்தது உனக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று தெரியாதல்லவா, அதைச் சொல்கிறேன். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மாப்பிள்ளை ஊர்வலம் கடைவாசலிலிருந்து கிளம்பியது. முன்னால் றபான் மேளம் அடிப்பவர்கள், பின்னால் பைத் பாடிக்கொண்டு நம் ஆட்கள், நடுவில் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்தபடி நீ. நிக்காஹ் முடியும்வரை மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்று எல்லோரும் உனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பாலத்தின் வாயில் உங்கள் வேலைத்தள பாஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பாவம், அந்தச் சிங்கள மனுஷன் தெரிந்த தமிழில் கெஞ்சினார். "தாளம் வேணாம் முதலாளி. எல்லாரும் ஒரே கால் வேணாம். கொஞ்சம் கொஞ்சம் ஆள் போங்க." உன் பெரியவாப்பாவுக்கு வந்ததே கோபம்! "மாப்பிள்ள ஊர்வலத்தில றபான நிப்பாட்டவா? நாங்க என்ன மையித்தா தூக்கிட்டுப் போறோம்?" என்று, பிணம் தூக்கச் சொன்ன மாதிரிக் கத்திவிட்டு முதல் ஆளாகப் பலகையில் ஏறினார். அவர் பின்னால் எல்லோரும் ஏறினார்கள். ஏறிய பிறகு இன்னும் வீம்பு, றபான் இன்னும் பலமாக விழுந்தது, அத்தனை பேரின் காலும் அந்த அடிக்குச் சேர்ந்து விழுந்தது.

அப்போது கீழே கடையில் கோப்பைகள் குலுங்கத் தொடங்கின. பாலத்தில் லொறியும் இல்லை, வண்டியும் இல்லை. மனிதர்களின் காலுக்கே குலுங்குகிறது என்று விளங்கியதும் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தேன். கழற்றி வைத்த சட்டத்தின் பக்கம் பாலம் மெல்லப் பக்கவாட்டில் ஆடியதைக் கண்ணால் கண்டேன். ஆடவில்லை, உனக்குத்தான் தலைசுற்று என்று வாப்பா இன்றைக்கும் சொல்கிறார். ஆடியது. நீ கைலேஞ்சியை எறிந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாய்: "நிப்பாட்டுங்க! றபான நிப்பாட்டுங்க! ஒருத்தரும் அசையாதீங்க!" அவ்வளவு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு நாலைந்து பேராக, முன்னும் பின்னுமாக, சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி, பேச்சு மூச்சில்லாமல் கடந்தீர்கள். மாப்பிள்ளைக்கு வாய் நீளம் என்று அந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஸுஜூதில் விழுந்தும் அழுதேன்.

அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. நீ பயமில்லாதவன் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இல்லை, நீயும் என் பிள்ளைதான். உன் பெரியவாப்பாவுக்குப் பயமே இல்லை, அதனால்தான் ஊரையே கூட்டிக்கொண்டு போனார். நீ பயப்பட வேண்டிய இடம் வந்ததும் பயந்தாய், வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொன்னாய். அதை விட்டுவிடாதே. வேலைத்தளத்தில் கூட்டாளிகள் கேலி செய்தாலும் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டே பலகையில் இறங்கு. வீட்டுக்கு வந்து பெண்சாதியிடம் வீரம் பேசாதே. இன்றைக்குக் கால் வழுக்கப் பார்த்தது, பயந்துபோனேன் என்று சொல்லு. சொல்லாத பயத்தை அவள் தானாக ஊகித்துப் பெரிதாக்கிக்கொண்டு, என்னைப் போல ஜன்னலில் நின்றே காலத்தைக் கழிப்பாள். எனக்கு வந்தது அவளுக்கு வர வேண்டாம்.

கலியாணம் முடிந்தும் நான் வரவில்லை. மாப்பிள்ளையின் உம்மா தன் வீட்டுப் பாலைக் கொண்டுபோய்த் தன் கையால் ஒரு வாய் கொடுக்கும்வரை புதுப்பெண் வாசற்படி இறங்கக் கூடாது என்பது நம் குடும்பத்து வழக்கம். உன் தங்கச்சி போய் வந்து ஒவ்வொரு முறையும் சொன்னாள்: "மதினி இன்னும் படி இறங்கல்ல உம்மா. மாமி வருவாங்க, வந்த பொறகு இறங்குவன் எண்டு செல்றாங்க." வேறு ஒருத்தியாக இருந்தால் மாமி வராவிட்டால் போ என்று இறங்கியிருப்பாள். அந்தப் பிள்ளை என் பயத்துக்காகச் சிறையிருந்தது. இரண்டு தடவை நான் செம்பை எடுத்துக்கொண்டு பாலத்தின் வாய்வரை வந்து, முதல் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு நாளும் அந்தப் பாலைத் தேத்தண்ணிக்கு ஊற்றிக் குடித்துவிட்டு வாப்பா கடைக்கு இறங்கினார்.

நேற்றுக் காலை ஒரு கையில் பால் செம்போடு, மறு கையால் உன் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வழக்கம்போல முகத்தை மூடிப் போர்த்திக்கொண்டுதான் வந்தேன். முதல் பலகையில் கால் வைத்ததும் அந்தத் தடதட சத்தம் காதில் வந்துவிட்டது. மூடிய துணிக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கரத்தைக்குள் இருந்தது போலவே மூச்சு முட்டியது. ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று, தங்கச்சியின் கையை விட்டுவிட்டு, முகத்துத் துணியைப் பின்னால் தள்ளிவிட்டேன். இரும்புச் சட்டத்தை எட்டிப் பிடித்தேன். வெயிலில் சூடாக இருந்தது. வரிசை வரிசையாக ரிவெட் தலைகள் விரலில் தட்டின. அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நடந்தேன். தடவாமல் ஒரு அடியும் வைக்கவில்லை. நடக்க நடக்கப் பால் செம்பிலிருந்து தளும்பிப் பலகையில் கொட்டியது. "பாலத்துக்கும் ஒரு வாய் கொடுத்தாச்சு உம்மா" என்றாள் உன் தங்கச்சி. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நடுப்பாலத்தில், பலகைகளைக் கழற்றி வைத்த இடுக்கால், உன்னைக் கண்டேன். நான் பின்னிக் கொடுத்த தொப்பிதான் முதலில் தெரிந்தது. பிறகு முதுகு, சம்மட்டி, காலுக்கு அடியில் அந்தப் பலகை. ஒரு ஆள் படுக்கக்கூட அகலமில்லாத பலகை, மகனே. அதற்குக் கீழே தண்டவாளம். இத்தனை காலமும் நான் பாலத்தைப் பார்த்துப் பயந்தது எல்லாம் பயமே இல்லை. உன் தங்கச்சி "நானா!" என்று தன் அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயைப் பொத்தினேன். நீ திடுக்கிட்டுத் திரும்பினால்? ஒரு கால் தவறினால்? அவள் என் கைக்குள் திணறினாள், நான் விடவில்லை. அதே நேரம் எஞ்சின் ஒன்று பாலத்துக்கு அடியில் வந்தது. புகை எழும்பி உன்னை மூடியது. சம்மட்டிச் சத்தம் நின்றது. புகைக்குள் நீ இருக்கிறாயா இல்லையா என்று தெரியவில்லை. கலிமா சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், புகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதே.

பிறகு என் உள்ளங்கையில் ஒரு அடி விழுந்தது. அடுத்தது விழுந்தது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் இரும்பு வழியாகக் கைக்கு வந்தது. நீ அடிக்கிறாய்! புகை விலகும்வரை அந்தச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உன் அடியைக் கையில் வாங்கினேன். எஞ்சின் போகும்வரை அடிக்காமல் நிற்பதுதான் அவர்கள் வழக்கம் என்று உன் தங்கச்சி பிறகு சொன்னாள். இந்தப் புத்தியுள்ளவள் அதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் கரைக்கு நடந்து போய், செம்பில் மிஞ்சியிருந்த பாலை உன் பெண்சாதிக்குக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னோடு படி இறங்கினாள். நல்ல பிள்ளை. மாமி வந்தார்கள் என்று அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். உன் தலைக்கு மேலே நின்றுவிட்டு வந்தேன் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேட் ரோட் திறக்க மாசக்கணக்காகும் என்கிறார்கள். திறந்தாலும் நான் இனிப் பாலத்தால்தான் வருவேன். பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. விழுந்துவிடுவேனோ என்று எனக்காகப் பயந்தது போய், இப்போது முழுப் பயமும் உன் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் வரும் நேரம் நீ அந்தப் பலகையில் நிற்பாய். கனத்த உடம்பு, இழுத்து இழுத்து வைக்கும் கால். என் நடை இன்னதென்று பலகைச் சத்தத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் மேலே பார்க்காதே, மகனே. உன் கையைப் பார்த்து அடி. நான் இரும்பில் கை வைத்துக்கொண்டுதான் நிற்பேன்.